நெல்லைச் சீமையில் குப்பை வண்டிக்குப் பின்னால்

ஜூன் 10, செவ்வாய் – பாளையங்கோட்டை

வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. மேற்கே மலையில் மழை பிடித்துவிட்டதாம். இங்கே வருவது அதன் காற்று மட்டும்தான், வந்து புழுதியைக் கிளப்புகிறது. வெயிலும் குறைந்தபாடில்லை. ஓசூர்க் குளிரில் பழகிய உடம்பு. ஆட்டோ பிடிப்பதற்குள் தலை கனத்துவிட்டது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நர்ஸ். கூடப் படித்த தோழி ஒருத்தி பாளையங்கோட்டைக்காரி. குப்பை அள்ளுகிறவர்கள், பிரிக்கிறவர்கள், பழைய இரும்புக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முகாம் நடத்தும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறாள். "மிஷினுக்குப் பக்கத்துல நிக்கிறவங்கள இத்தனை வருஷம் பாத்துட்டல்லா, குப்பைக்குப் பக்கத்துல நிக்கிறவங்களயும் ஒரு தடவை வந்து பாரு" என்று போன மாதம் போனில் சொன்னாள். லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

மதியம் அவள் அம்மா சொதி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போடுகிற சாப்பாடு இது. எனக்காகச் சாதாரண செவ்வாய்க்கிழமையில் தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்திருக்கிறார்கள். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கடைசியில் கெட்டிப்பால். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் கூடவே இஞ்சிப் பச்சடி. "ரெண்டாவது வாட்டி சோறு வாங்காம எந்திரிக்கப்பிடாது தாயி" என்று கரண்டியோடு நின்றுகொண்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு வெயில் இறங்குமுன், குப்பையை உரமாக்குகிற ஒரு நுண் உர மையத்துக்குப் போனோம். எந்த வார்டு என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், அங்குள்ளவர்களுக்குத் தொந்தரவு. தகரக் கூரை, வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், தரையில் ஒரு தார்ப்பாய். அதன்மேல் வீடுகளிலிருந்து வந்த குப்பையைக் கொட்டி, சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து பெண்கள் பிரிக்கிறார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டியது. வருவது முக்கால்வாசி ஒரே கவரில் கட்டி, இறுக்கமாக முடிச்சுப் போட்டு.

அந்த முடிச்சைப் பற்றி ஒரு அக்கா சொன்னதுதான் இன்றைக்கு நான் கேட்டதிலேயே முக்கியமானது. சுவரில் ஆணி அடித்து, ஆரஞ்சு நிற ரப்பர் கையுறைகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. அவர் கையில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"போடலாம் சிஸ்டர். முடிச்ச அவுக்க நகம் வேணும்லா? இதப் போட்டா விரலு எங்கன இருக்குன்னே தெரியல. பத்து நிமிஷத்துல உள்ள வேர்த்து, சோறு வடிச்ச பானை கணக்கா தண்ணி நிக்கும். பதினொரு மணிக்கு வண்டி வந்துரும், அதுக்குள்ள முடிக்கணும்."

கையை நீட்டச் சொன்னேன். இடது கட்டைவிரலில் நகத்திலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரை பழைய வெட்டு, தையல் போடாமலே ஆறியது. தழும்பின் நடுவில் கறுப்பாக ஏதோ தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஸ்னோ பாட்டில் உடைந்து கிடந்ததாம். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுத் தோல் வெள்ளையாக ஊறி, வெடித்திருந்தது. ஈரக் குப்பையில் வேலை செய்கிற கைக்கு வருகிற பூஞ்சை. இதற்கெல்லாம் அவர் வைத்திருக்கிற மருந்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது தெளிவாக இருந்தது. குப்பையைக் கையாளும் எல்லோருக்கும் சீருடை, ஒளிரும் மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்று. தந்தும் இருக்கிறார்கள், பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அது எந்தக் கைக்குப் பொருந்தும் என்று யாரும் பார்க்கவில்லை. கூடத்துக்கு வெளியே இருக்கிற குழாயில் தண்ணீர் வருவதில்லை. சோப்பு கிடையாது. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. அதனால் இந்தப் பெண்கள் காலையிலிருந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வெயிலில்! நீர்க்கடுப்பு இல்லாத ஒருத்தரைக்கூட நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்குச் சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு இன்னொரு அக்கா செய்தே காட்டினார். சுத்தமான பிளாஸ்டிக் கவர் ஒன்றைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருக்கிறார். அதை வலது கையில் மாட்டிக்கொண்டு, அதன் வழியாக இட்லியைப் பிய்த்து வாயில் வைக்கிறார். ஒழுங்காகக் கை கழுவ வழியில்லாத இடத்தில் அவர்களே கண்டுபிடித்த பாதுகாப்பு அது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கிளம்பும்போது ஒரு தண்ணீர் பாட்டிலைக் காட்டினார்கள். பாதியளவு இன்சுலின் ஊசிகள், எல்லாம் வீட்டுக் குப்பையில் வந்தவை. சர்க்கரை உள்ளவர்கள் குத்திக்கொண்டு அப்படியே கவரில் போட்டுவிடுகிறார்கள். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு அந்தக் கிருமி உள்ள ஊசி குத்தினால், நூற்றில் முப்பது பேர் வரைக்கும் தொற்றக்கூடும். தயவுசெய்து, வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் ஒரு கெட்டியான பாட்டிலில் ஊசிகளைச் சேர்த்து, மூடியை இறுக்கி, வண்டி வரும்போது "இது ஊசி" என்று சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள்.

ஜூன் 11, புதன் – மேலப்பாளையம், டவுன்

லாட்ஜில் மோட்டார் ரிப்பேர். நான்கு மாடிக்கும் தண்ணீர் இல்லை. பையன் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, மூஞ்சி மட்டும் கழுவிக்கோங்க, பத்து மணிக்கு வந்துரும்" என்றான். மதியம்தான் வந்தது.

மேலப்பாளையம் பக்கம் ஒரு பழைய பொருள் கிடங்கு. உரிமையாளர் பாய் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேட்காமலே நன்னாரி சர்பத் வரவழைத்தார். எலுமிச்சை பிழிந்து, கிளாஸ் 20 ரூபாய். காசை நீட்டினால் வாங்க விடவில்லை. பெரிய கம்பெனிகளில் பாதுகாப்பு பற்றிப் பேசப் போனால் முதலில் வருவது சந்தேகப் பார்வை. இவர் எல்லாக் கதவையும் திறந்து காட்டினார்.

அட்டையை அமுக்கிக் கட்டுப் போடும் மிஷின் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பயமான சாமான் இதுதான். முன்கதவு திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும், அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அட்டை அடிக்கடி சிக்கும். ஒவ்வொரு தடவையும் நின்றால் வேலை ஓடாது என்று அந்தச் சுவிட்சை அமுக்கிக் கட்டிவிடுவார்கள். இங்கேயும் ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருந்தது. எங்கள் தொழிற்சாலையில் இப்படிக் கட்டிய மிஷினில் இரண்டு விரல் போனவரை நானே ஆம்புலன்சில் ஏற்றியிருக்கிறேன். அதைப் பாயிடம் அப்படியே சொன்னேன். விரல்களை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார், துணியை அவிழ்த்தார், பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

"சிக்குச்சுன்னா என்னம்மா செய்ய?"

மெயினை நிறுத்தி, சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியை யார் கையை உள்ளே விடப்போகிறாரோ அவரே வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும் தரக்கூடாது, முதலாளியிடம்கூட. பூட்டு 100 ரூபாய்க்குள் கிடைக்கும். அங்கே வேலை செய்கிற ஒடிசாத் தம்பிக்கு இதைச் சைகையிலேயே விளக்கினோம். அவன் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு அரைஞாண் கயிற்றில் முடிந்து காட்டினான். சரிதான்.

பின்பக்கம் ஓடைக்கரையில் இருபது வயதுகூட இருக்காது, ஒரு பையன் வயர்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தான். உள்ளே இருக்கிற செம்புக் கம்பிக்காக. அந்த மேல்தோல் பிவிசி. எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் பட்டால் அமிலமாகிவிடும். டையாக்சினும் சேர்ந்துகொள்ளும், அது வருடக்கணக்கில் உடம்பின் கொழுப்பில் தங்குகிற விஷம். பையன் இருமி இருமிக் கண் சிவந்து நின்றான். எரித்த செம்புக்கு விலையும் குறைவு, கறுத்துப்போகிறதல்லவா. கத்தியால் உரித்த பளபளப்பான கம்பிக்குக் கிலோவுக்கு நல்ல விலை. ஆனால் உரிக்க ஒரு பகல் ஆகும், கையும் வெட்டும். எரித்தால் அரைமணி நேரம். கையால் சுற்றி வயர் உரிக்கிற சின்ன மிஷின் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. ஒரு கிடங்கு வாங்கி வைத்துச் சுற்றியுள்ள பையன்களுக்கு வாடகைக்கு விட்டாலே போதும். பாய் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். நான் விடப்போவதில்லை, போன் நம்பர் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சாயங்காலம் டவுன். கீழ ரத வீதியில் இருட்டுக்கடை வரிசை வழக்கம்போல. சூடாக இலையில் அல்வா வாங்கி, நெய் முழங்கைக்கு வழிய நின்றபடியே தின்றோம். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "ஊருக்குப் போறவியளா? முதல்ல வாங்கிக்கோங்க, நான் உள்ளூருதான்" என்று இடம் விட்டார்.

ஜூன் 12, வியாழன் – கோடகநல்லூர், சேரன்மகாதேவி

சுத்தமல்லி தாண்டினால் வயல், வாய்க்கால், பனை. கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். இங்கேதான் 2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவமனைகளின் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே டிசம்பர் 22 அன்று லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. செய்தியில் வந்ததெல்லாம் இரண்டு மாநிலச் சண்டையாக வந்தது. நான் நினைத்துப் பார்ப்பது அந்த மூட்டையை முதலில் தொட்டவரை. ஆடு மேய்க்கிறவரா, பிளாஸ்டிக் பாட்டில் கிடைக்குமா என்று கிளறியவரா?

மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள் நிறம் பிரித்து வைத்திருக்கின்றன. எரிக்க வேண்டியது மஞ்சள், ரப்பர் குழாய் மாதிரியானவை சிவப்பு, ஊசி பிளேடுக்குக் குத்த முடியாத வெள்ளைப் பெட்டி, கண்ணாடிக்கு நீலம். ரத்தம் தோய்ந்ததை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பையில் பார்கோடு இருக்க வேண்டும். கையாளுகிறவருக்குக் காமாலைத் தடுப்பூசியும் தனுர்வாத ஊசியும் போட்டிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையும். சாக்கில் கட்டி இரவோடு இரவாக வயல்காட்டில் கொட்டினால் இத்தனை வேலியும் ஒரே நொடியில் போய்விடுகிறது.

திரும்பும்போது மினி பஸ் சேரன்மகாதேவிக்கு முன்னால் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்ததாம். நடந்தோம். பனையடியில் நுங்கு விற்ற அம்மா 20 ரூபாய்க்கு மூன்று சீவிக் கொடுத்து, நான்காவதையும் சும்மா நீட்டினார்கள். "வெயிலுக்கு வந்த பிள்ளையள்" என்றார்கள்.

ஜூன் 13, வெள்ளி – பாபநாசம்

அம்பாசமுத்திரம் தாண்டியதும் காற்றில் ஈரம், விக்கிரமசிங்கபுரத்தில் சாரல். போன மூன்று நாள் புழுக்கமும் கழன்றுவிட்டது. கோயில் பக்கக் கடையில் டீ 12 ரூபாய், பருப்பு வடை 8. வடை சூடாக இருந்ததால் இரண்டாகிவிட்டது.

பாபநாசத்தில் தாமிரபரணியில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவதை ஒரு பரிகாரமாக வைத்திருக்கிறார்கள். துணி மூழ்கி, பாறைக்கும் பாறைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு, மணலில் புதைகிறது. அதை எடுப்பதும் கழிவுத் தொழில்தான். ஆனால் யாரும் அப்படி நினைப்பதில்லை.

படித்துறையில் மூன்று பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாதத்தால் துழாவிப் புடவை நுனியைக் கண்டுபிடிக்கிறார், குனிந்து இரண்டு கையாலும் இழுக்கிறார். நனைந்து மணல் ஏறிய புடவை ஒற்றை ஆளுக்கு வருவதில்லை. மற்ற இருவரும் சேர்ந்து இழுத்தால் அதோடு இன்னும் நான்கு துணி முடிச்சாக வருகிறது, கூடவே உடைந்த வளையல், ஷாம்பு பாக்கெட், ஒரு கண்ணாடிச் சில்லு. வெறுங்கால். பாசிப் பாறையில் ரப்பர் செருப்பு இன்னும் வழுக்கும் என்றார்கள், உண்மைதான். பிடிப்புள்ள அடிப்பாகத்தோடு தண்ணீருக்கென்றே செய்த காலணி வேண்டும், சாதாரண கம்பூட் இங்கே ஆபத்து. உள்ளே தண்ணீர் ஏறினால் காலைத் தூக்கவே முடியாது.

"மேல அணையில தண்ணி தொறந்தா யாரு சொல்லுவாங்க அண்ணாச்சி?"

"சத்தம் மாறும் தாயி. அத வச்சு ஏறிருவோம்."

சத்தத்தை நம்பி நிற்கிறார்கள். கரையில் ஒரு ஆள், இடுப்பில் ஒரு கயிறு, அணையிலிருந்து ஒரு போன் வேண்டும். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மூத்தவர் ஒருவர் குவியலில் துணியைப் போட்டுவிட்டு எங்களிடம் வந்து உட்கார்ந்தார். பாதம் முழுக்கப் பித்தவெடிப்பு, அதில் சேறு. எலிக்காய்ச்சல் கிருமி இந்த மாதிரி வெடிப்பு வழியாகத்தான் ஏறும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி முடித்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆற்று வேலை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். "அவிய பாவத்த இங்கன விட்டுட்டுப் போயிருதாவ. நாங்கல்லா எடுக்கோம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. குளித்த துணியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஜூன் 14, சனி – பாளையங்கோட்டை

காலையில் முகாமுக்கு முன் தோழி ஸ்கூட்டரில் சங்கரன்கோவில் சாலையில் கூட்டிப் போனாள். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கைத் தூரத்திலிருந்து பார்த்தோம். இங்கே அடிக்கடி தீப்பிடிக்கிறது. குப்பை காற்றில்லாமல் அழுகும்போது உள்ளே மீத்தேன் சேரும், தீப்பிடித்தால் குப்பை அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் அடித்தால் மேல்பரப்பு மட்டும் அணையும். கிளறிக் கிளறித்தான் அணைக்க வேண்டும். அப்போது மிஷின் ஓட்டுகிறவரும் குழாய் பிடிக்கிறவரும் நாள்கணக்கில் அந்தப் புகைக்குள் நிற்கிறார்கள். அவர்களுக்குத் துணி மாஸ்க் போதாது.

முகாம் வேப்பமரத்தடியில். கரண்ட் இல்லாததால் படம் காட்ட முடியவில்லை, நல்லதாகப் போயிற்று. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். குழுவின் டாக்டர் பார்த்து, காமாலைத் தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டோம். ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குப் பின் பலனில்லை. "கூலி போயிருமே சிஸ்டர்" என்றார் ஒருவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. மேற்பார்வையாளர் அங்கேயே இருந்தார், ஊசி குத்திய அன்றைக்கு ஆள் வருகை போடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தோம்.

அப்புறம் கை அளவு. கையுறை அளவு என்பது உள்ளங்கையைச் சுற்றிய அங்குலம், கட்டைவிரலை விட்டுவிட்டு. தையல் டேப்பால் ஒவ்வொருவர் கையாக அளந்தேன். பெண்கள் பெரும்பாலும் ஆறரை, ஏழு. சுவரில் தொங்குகிற ஆரஞ்சுக் கையுறையைத் திருப்பிப் பார்த்தால் ஒன்பது. முடிச்சு அவிழாததில் ஆச்சரியம் என்ன? நைலான் பின்னலில் உள்ளங்கைப் பக்கம் மட்டும் நைட்ரைல் பூசியது, புறங்கையில் காற்றுப் போகும், விரல் நுனியில் பிடிப்பு இருக்கும், மொத்தமாக வாங்கினால் ஜோடி 50 ரூபாய்க்குள். கண்ணாடிக் கீறலை ஓரளவுதான் தாங்கும். ஊசியைத் தாங்காது, அதையும் சொல்லிவிட்டேன். ஊசிக்கு வீடுகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தெருத்தெருவாகப் பொறுக்குகிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024இலிருந்து அவர்களையும் சேர்க்கிறார்கள். தோழி அவர்கள் ஆதாரைப் போட்டோ எடுத்துக்கொண்டாள், பதிவு செய்து கொடுப்பது அவள் பொறுப்பு.

ராத்திரி பஸ்ஸுக்கு அவள் அம்மா கூட்டாஞ்சோறு கட்டிக் கொடுத்தார்கள். அளவு எழுதிய தாள் பையில் இருக்கிறது. ஓசூரில் எங்களுக்குக் கையுறை போடுகிற வியாபாரியிடம் ஆறரையும் ஏழும் திங்கட்கிழமை கேட்க வேண்டும். வெளிக் குழாய்க்குத் தண்ணீர் இணைப்பு கேட்டு மனு எழுதியாகிவிட்டது, எழுதத் தெரிந்த அக்காதான் எழுதினார், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது டோஸ் ஜூலை 14, மூன்றாவது டிசம்பர் 14. இரண்டாவதற்கு லீவு சொல்லிவிட்டேன்.